குடியிருந்தபடியே மராமத்து

"இடிச்சுட்டுப் புதுசாக் கட்டிடுங்க. இதுல கை வெச்சா செலவு எங்க போய் நிக்கும்னு சொல்ல முடியாது."

பழைய வீட்டுக்காரர்களில் இதைக் கேட்காதவர் அநேகமாக இருக்க மாட்டார். வீட்டைப் பார்க்க வந்த பொறியாளர் ரேழியைத் தாண்டி முற்றத்துக்கு வருவதற்குள் சொல்லிவிடுவார். கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அவர் படித்ததும் பழகியதும் கம்பியும் கான்கிரீட்டும். சுண்ணாம்புச் சுவருக்கும் தேக்கு உத்திரத்துக்கும் அவருடைய பாடத்தில் ஒதுக்கிய இடம் கொஞ்சம். கணக்குப் போட்டுக் காட்ட முடியாத ஒன்றுக்கு யார்தான் கையெழுத்துப் போட முன்வருவார்கள்? ஆனால் அந்த ஒரு பேச்சை நம்பிக் கும்பகோணத்திலும் ஸ்ரீரங்கத்திலும் மயிலாப்பூரிலும் இடிபட்ட வீடுகள் கொஞ்சநஞ்சமல்ல. அவற்றில் எத்தனையோ வீடுகளுக்கு வேண்டியிருந்தது மராமத்து மட்டும்தான். அதையும் வீட்டைக் காலி செய்யாமல், உள்ளேயே சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கியபடி செய்திருக்க முடியும்.

வெளியே வாடகைக்குப் போய்விட்டு வேலையை ஆரம்பிப்பதுதான் சுலபம் என்று தோன்றும். புது வீடு கட்டுவதற்கு அது சரி. பழைய வீட்டுக்குச் சரிவராது. வீட்டுக்காரர் வெளியேறியதும் வேலையின் கடிவாளம் ஒப்பந்தக்காரர் கைக்குப் போகிறது. மாத வாடகை ஒரு பக்கம் கழுத்தைப் பிடிக்க, "சீக்கிரம் முடிங்க" என்ற அவசரம் வருகிறது. அவசரம் வந்ததும் பிழைக்கக்கூடிய நிலையும் கதவும் பெயர்த்தெடுக்கப்படுகின்றன. உள்ளேயே இருப்பவருக்கோ வீட்டின் நோய் எல்லாம் அத்துப்படி. எந்த மழைக்கு எந்த மூலை ஒழுகும், கார்த்திகையில் எந்தச் சுவர் சில்லிட்டிருக்கும், வெயில் காலத்தில் எந்த ஜன்னல் காற்றுக் கொடுக்கும் என்பதெல்லாம் வரைபடத்தில் வராது. குடியிருப்பவர் வாயிலிருந்துதான் வரும்.

காவிரிக் கரை ஊர் ஒன்றில் என் பெற்றோர் இருக்கும் வீட்டில் வேலை இப்படித்தான் நடந்தது. அவர்கள் ஒரு நாளும் வெளியேறவில்லை. அங்கே கண்டதையும், கொத்தனார்களும் ஆசாரிகளும் சொல்லிக் கொடுத்ததையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

கட்டு கட்டான வீட்டின் வசதி

இரண்டு படுக்கையறைகள் கொண்ட அடுக்ககக் குடியிருப்பில் இருந்துகொண்டே தரையைப் பெயர்ப்பது நரகம். ஒதுங்க இடம் இருக்காது. பழைய தெரு வீட்டில் இடம் இருக்கிறது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், இரண்டாங்கட்டு, கிணற்றடி, கொல்லை என்று வாசலிலிருந்து நீளமாகப் போகிற அமைப்பு இது. ஒவ்வொரு கட்டுக்கும் நடுவே ஒரு கதவு உண்டு. முன்கட்டில் வேலை நடக்கும்போது பின்கட்டில் குடும்பம் இருக்கலாம், பிறகு இடம் மாறிக்கொள்ளலாம். முற்றம் திறந்திருப்பதால் தூசு மேலே போக வழி இருக்கிறது, உள்ளே இருப்பவர்களுக்கு மூச்சு முட்டுவதில்லை.

இதில் கறாராக இருக்க வேண்டிய விதி ஒன்றுதான். ஒரு கட்டை முழுக்க முடித்து, கூட்டிப் பெருக்கி, விளக்குப் போட்டு, அங்கே சாமான்களைக் கொண்டுபோய் வைத்த பிறகே அடுத்த கட்டில் உளியை வைக்க விட வேண்டும். மேஸ்திரிக்கு இது பிடிக்காது. அவருக்கு எல்லா அறையிலும் ஒரே நாளில் பூச்சைக் கொத்திவிட்டால் ஆள் கணக்குச் சரியாக வரும். அந்த இடத்தில் விட்டுக்கொடுத்தவர்கள்தான் நாலு மாதம் கட்டிலை நகர்த்திக்கொண்டே இருக்கிறார்கள்.

வேலை நடக்கும் கட்டுக்கும் குடியிருக்கும் கட்டுக்கும் இடையிலுள்ள வாசலில் நனைத்த கோணியை இரண்டு மடிப்பாகத் தொங்கவிட வேண்டும். பிளாஸ்டிக் தாளைவிட இது தூசைப் பிடிக்கும். காலையில் ஆட்கள் வருமுன் தண்ணீர் பிடித்து, சமையலை முடித்து, குளித்துவிட வேண்டும். மாலையில் அவர்கள் போனதும் நடைபாதையை மட்டுமாவது பெருக்கி, ராத்திரிக்கு அங்கே ஒரு சின்ன விளக்கு எரிய விட வேண்டும். வயதானவர்கள் ராத்திரி கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு செங்கல் கிடந்தால் போதும், இடுப்பெலும்பு போய்விடும். எங்கள் வீட்டில் அப்பாவுக்காக அந்த வழியில் ஒரு கயிறு கட்டியிருந்தோம், பிடித்துக்கொண்டு நடப்பதற்கு.

முதலில் தலைக்கு மேலே

தரைக்கு டைல்ஸ் பார்க்கக் கடைக்குப் போவதில்தான் பெரும்பாலோர் ஆரம்பிக்கிறார்கள். அது கடைசி வேலை. முதல் வேலை மாடித் தளத்தில் இருக்கிறது.

நம் ஊர்ப் பக்கம் நூறு வருஷத்துக்கு முந்தைய மெத்தை வீடுகளின் தளம் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ். சுவருக்குச் சுவர் கனத்த உத்திரம். அதன்மேல் குறுக்கே நெருக்கமாகத் தேக்குக் கட்டைகள். அந்தக் கட்டைகளின்மேல் ஓர் அங்குலத் தடிமனே உள்ள சின்னஞ்சிறு செங்கற்கள், விளிம்பில் நிறுத்தி, சுவருக்குக் கோணலாக, சுண்ணாம்புச் சாந்தில் வரிசை வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைக் கொட்டி, மரத்தட்டுகளால் நாள்கணக்கில் அடிப்பார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, பாட்டுப் பாடி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து அடித்துக்கொண்டே நகர்வார்கள். தட்டு துள்ளித் திரும்பும் அளவுக்குத் தளம் இறுகிய பிறகுதான் மேலே தட்டை ஓடு பதிக்கப்படும். இந்திய தர நிர்ணய அமைப்பு ஐஎஸ் 2119 என்ற எண்ணில் இதற்கென்றே ஒரு விதித்தொகுப்பு வெளியிட்டிருக்கிறது. "இதுக்கெல்லாம் முறையே கிடையாதுங்க" என்று யாராவது சொன்னால் அந்த எண்ணைச் சொல்லுங்கள்.

இந்தத் தளத்தைக் கெடுப்பவை மூன்று. ஒன்று, அடைத்துக்கொண்ட தூம்பு. தண்ணீர் ஒரு நாள் தேங்கினாலும் ஓட்டின் இடுக்கில் இறங்கும். இரண்டு, கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்று. மேலே தெரிவதை ஒடித்துப் போட்டால் போதாது. சுண்ணாம்புக்குள் ஓடிய வேரைத் தோண்டி எடுத்தால்தான் மறுபடி தழைக்காது. மூன்றாவதைச் செய்பவர்கள் நாம்தான். ஒழுகினால் மேலே ஒரு சிமென்ட் பூச்சு. அடுத்த வருஷம் அதன்மேல் வெள்ளை டைல்ஸ். அதற்கடுத்து 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. நிரம்பிய தொட்டியின் தண்ணீர் மட்டும் ஒரு டன். நூறு வருஷத்துக் கட்டைகளின் நடுமுதுகில் அந்த ஒரு டன்னை ஏற்றி வைத்துவிட்டு, "பழைய வீடு, தாங்கல" என்று வீட்டின்மேல் பழி போடுகிறோம். தொட்டியைத் தரையிலிருந்து எழுப்பிய தனி மேடைக்குக் கொண்டுபோவதுதான் பழைய வீட்டுக்குச் செய்யக்கூடிய முதல் உபகாரம்.

அடுத்து உத்திரம். எங்கள் கூடத்து உத்திரத்தை ஆசாரி சோதித்த விதத்தை நான் மறக்க மாட்டேன். ஏணியில் ஏறி, சின்னச் சுத்தியலால் நடுவிலிருந்து சுவரை நோக்கித் தட்டிக்கொண்டே போனார். 'டங், டங்' என்று கெட்டியாக வந்த சத்தம் சுவருக்கு ஒரு முழம் முன்னால் 'தொப்' என்று விழுந்தது. சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்துக் குத்தினார். கைப்பிடி வரைக்கும் உள்ளே போயிற்று. கீழே நின்ற அம்மாவிடம் சொன்னார்:

"தலை போயிடுச்சு பெரியம்மா. உடம்பு நல்லாத்தான் இருக்கு."

"மாத்தணுமா ஆசாரி?"

"எதுக்கு மாத்தணும்? இந்த மரத்த இன்னைக்கி எங்க போய் வாங்குவீங்க? தலைய மட்டும் சீவிட்டு ஒட்டுப் போட்டுடலாம்."

தேக்கு உத்திரம் நடுவில் கெடுவது அபூர்வம். சுவருக்குள் புதைந்திருக்கும் நுனிதான் கெடும். மேலே தளத்தில் இறங்கிய தண்ணீர் சுவர் வழியாக வந்து அந்த நுனியை நனைக்கும். நனைந்த இடத்தைக் கரையான் தேடி வரும். மருந்து எளிது, ஆனால் நிதானம் வேண்டும். உத்திரத்தின் கீழே முட்டுக் கொடுத்து, ஜாக்கி வைத்து, நூல் கணக்கில் மெதுவாகப் பாரத்தை எடுத்துக்கொண்டு, கெட்ட நுனியை அறுத்துவிட்டு, அதே வயதுள்ள பழைய தேக்குத் துண்டைச் சாய்வாக இணைத்து போல்ட் போட வேண்டும். மரம் மிச்சமில்லாத அளவுக்குப் போயிருந்தால் இருபுறமும் இரும்புச் சேனல் கொடுத்து இறுக்கலாம். திரும்பச் சுவருக்குள் வைக்கும்போது நுனியைச் சுற்றி விரலளவு காற்றிடம் விட வேண்டும். சிமென்ட் கலவையைத் திணித்து அடைத்தால் அடுத்த பத்து வருஷத்தில் அதே வேலை திரும்ப வரும். முட்டு நிற்கிற நாள்களில் அந்தக் கூடத்தில் யாரும் படுக்கக் கூடாது. இதில் மட்டும் பேரமே கிடையாது.

பழைய தேக்கு எங்கிருந்து வருகிறது? இடிபட்ட வேறொரு வீட்டிலிருந்து. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் கதவுகளும் நிலைகளும் விலைக்கு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வீட்டின் சாவில்தான் இன்னொரு வீட்டுக்குப் பிழைப்பு. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனாலும் அந்த மரம் அடுப்புக்கோ புது சோபாவுக்கோ போவதைவிட, இன்னொரு பழைய வீட்டின் உத்திரத்துக்குப் போவது மேல்.

சுவருக்கு மூச்சு வேண்டும்

இந்தியாவில் சிமென்ட் தயாரிப்பு 1904-ல் மதராஸில் முதல் முயற்சியாகத் தொடங்கி, 1914-ல் குஜராத்தின் போர்பந்தரில்தான் நிலைபெற்றது. அதற்கு முன் கட்டிய வீடு என்றால் சுவர், பூச்சு, தளம் எல்லாமே சுண்ணாம்பாகத்தான் இருக்கும். பின்னர் வந்த வீடுகளிலும் பல வருஷங்களுக்குச் சுண்ணாம்பே ஓடியது. இது தெரியாமல் மராமத்தில் இறங்குபவர்கள் எல்லாரும் ஒரே பள்ளத்தில் விழுகிறார்கள்.

அந்தப் பள்ளம் இப்படி இருக்கும். கூடத்துச் சுவரில் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு ஓதம் காத்து, உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து உதிர்கிறது. கொத்தனார் அதைக் கொத்தி எடுத்துவிட்டு நாலடிக்குச் சிமென்ட் பூசுகிறார். ஒரு வருஷம் பளிச்சென்று இருக்கும். அடுத்த வருஷம் ஐந்தாவது அடியில் பொரியும். ஏன்? பழைய சுவரின் அடியில் ஈரத் தடுப்பு எதுவும் கிடையாது. மண்ணின் ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியாக எப்போதும் மேலே ஏறிக்கொண்டுதான் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும், அது முற்றத்துக் காற்றில் உலர்ந்து போகும். சிமென்ட் பூச்சு வழியை அடைத்துவிடுகிறது. போக்கிடம் இல்லாத ஈரம் சிமென்ட் முடிகிற உயரம் வரை ஏறி, அங்கே வெளிவருகிறது. ஈரத்தோடு வந்த உப்பு அங்கே படிகமாகிப் பூச்சை உடைக்கிறது. புட்டி, பிளாஸ்டிக் எமல்ஷன், சுவரில் ஒட்டும் டைல்ஸ் எல்லாம் இதே தப்பின் வெவ்வேறு உருவங்கள்தான்.

சரியான வழி பொறுமையானது. சிமென்ட் பூச்சை முழுக்க எடுத்துவிட்டுச் சுவரை ஒரு கோடை முழுக்கச் சும்மா விட வேண்டும். உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி எடுக்க வேண்டும், கழுவக் கூடாது. வெளிப்பக்கம் மண் எங்கே மேடேறி இருக்கிறது, எந்தச் சாக்கடை சுவரோரம் கசிகிறது என்று பார்த்துச் சரிசெய்ய வேண்டும். அதன்பிறகுதான் பூச்சு. குடியிருந்துகொண்டே செய்கிறவருக்குத்தான் ஒரு கோடை காத்திருக்கத் தெம்பு இருக்கும். வெளியே வாடகை கொடுப்பவருக்கு அது முடியாது.

சுண்ணாம்பு தயாராவதைக் கொல்லையில் பார்ப்பது தனி அனுபவம். சுட்ட கிளிஞ்சலைக் குழியில் கொட்டித் தண்ணீர் விட்டதும் அது சீறும், கொதிக்கும், ஆவி பறக்கும். கொஞ்ச நேரத்தில் கல்லாகக் கிடந்தது வெண்ணெயாகக் குழைந்துவிடும். இதைத்தான் சுண்ணாம்பு தாளிப்பது என்கிறார்கள். அதை வாரக்கணக்கில் தண்ணீருக்கடியில் ஊற விட வேண்டும். எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவு நல்லது. இன்னொரு தொட்டியில் நசுக்கிய கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளிக்கும். அந்தத் தண்ணீரைத்தான் கலவைக்கு விடுவார்கள். மணலோடு சேர்த்து அரைத்துப் பூசிய பிறகு, சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மெல்ல மெல்ல மீண்டும் கல்லாகிறது. மாதங்கள், ஏன் வருஷங்கள்கூட அது இறுகிக்கொண்டே போகும். சுண்ணாம்பைச் சுட 900 டிகிரி போதும். சிமென்ட் சூளைக்கு 1,450 டிகிரி வேண்டும். உலகம் முழுவதும் வெளியாகும் கரியமில வாயுவில் ஏழெட்டு சதவீதம் சிமென்டிலிருந்து வருகிறது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

தாளிக்கும் குழி இருக்கும் வீட்டில் குழந்தைகள் இருந்தால் அதைச் சுற்றி வேலி கட்டாயம். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடும். கலக்கும் சித்தாளுக்குக் கண்ணாடியும் கையுறையும் வாங்கிக் கொடுப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. "பழக்கம்தாங்க" என்று அவர் சொன்னாலும் விடக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகள்

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் நிலையைப் பெயர்க்கக் கூடாது, வாசலை மாற்றக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்லும் காரணத்தை ஏற்கிறோமோ இல்லையோ, பழக்கத்தைக் கைவிட வேண்டாம். பழைய கதவுகளின்மேல் தலைமுறை தலைமுறையாக ஏறியிருக்கும் எனாமல் பெயின்டில் காரீயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயின்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் காரீயம் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016-ல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பழைய பெயின்டை மெஷின் வைத்துத் தேய்த்தால் பறக்கும் தூசு கருவில் இருக்கும் குழந்தையையும், தவழும் குழந்தையின் மூளை வளர்ச்சியையும் பாதிக்கக்கூடியது. கதவைக் கழற்றிக் கொல்லைக்குக் கொண்டுபோய், தண்ணீர் தொட்டு, வாட்டர் பேப்பரால் கையால் தேய்க்க வேண்டும். சுரண்டியதைக் கூட்டித் தள்ளாமல் ஈரத்துணியில் ஒற்றியெடுத்து மூட்டை கட்ட வேண்டும். சின்னக் குழந்தையும் கர்ப்பிணியும் அந்த நாள்களில் வேறு வீட்டில் இருக்கட்டும். குடியிருந்தபடியே வேலை என்ற விதிக்கு நான் ஒப்புக்கொள்ளும் விலக்கு இதுதான்.

மின்சாரமும் கண்ணுக்குத் தெரியாத ஆபத்துதான். மரப்பட்டிக்குள் ஓடும் பழைய வயரில் எர்த் கிடையாது. சுவரை நனைத்துப் பூசும் நாள்களில் ஈரத்தில் கசியும் மின்சாரம் உயிரை வாங்கும். பூச்சு வேலைக்கு முன்பே வேலை நடக்கும் கட்டுக்குத் தனி லைன் இழுத்து, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டித்துவிடும் ஆர்சிசிபி போட வேண்டும். மாலையில் ஆட்கள் போனதும் அந்த லைனை அணைத்துவிட வேண்டும்.

அப்புறம் கொல்லைக்கோடிக் கழிவறை. பழைய வீட்டில் இருப்பதெல்லாம் காக்கத் தக்கது என்று நான் நினைக்கவில்லை. எத்தனையோ தெருக்களில் வீடுகளின் பின்னால் ஒரு சந்து ஓடும். அது மலம் அள்ளுபவர் வந்து போவதற்காக விட்ட சந்து. அந்த மனிதர் வாசல் வழியாக வரக் கூடாது என்பதற்காகவே வீட்டின் நீளம் அப்படி வரையப்பட்டது. தேக்குத் தூணின் அழகைப் பேசுகிறவர்கள் இந்தச் சந்தையும் பேச வேண்டும். உலர் கழிப்பிடங்களுக்குத் தடை விதித்த சட்டம் 1993-ல் வந்தது. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதை முழுமையாகத் தடை செய்த சட்டம் 2013-ல் வந்தது. மராமத்தின்போது பழைய மலக்குழி ஒன்று தென்பட்டால் யாரையும் அதற்குள் இறக்கக் கூடாது. விஷவாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். இயந்திரம் வைத்து உறிஞ்சி, மண் போட்டு மூட வேண்டும். புதிய கழிவறையை வீட்டுக்குள், வயதானவர்கள் எட்டும் தூரத்தில் கட்டிக்கொள்ளலாம். இந்தக் கழிவறையைத்தான் மற்ற எல்லா உள்வேலைக்கும் முன்னால் முடிக்க வேண்டும். அது இல்லாமல் மூன்று மாதம் ஓட்ட முடியாது.

அடுப்பு யார் தலையில்

குடியிருந்துகொண்டே மராமத்து என்றால் அதன் பாரம் முதலில் விழுவது சமைப்பவர் தலையில். நம் வீடுகளில் அது பெரும்பாலும் பெண்தான். திட்டம் போடும் ஆண்கள் உத்திரத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். அடுக்களை எங்கே போகும் என்று கேட்பவர் அவராகத்தான் இருப்பார்.

தாழ்வாரத்திலோ கிணற்றடிக்குப் பக்கத்திலோ தற்காலிக அடுக்களையை ஒழுங்காக அமைப்பதற்கு முதலிலேயே காசு ஒதுக்க வேண்டும். இடுப்பு உயர மேடை, தண்ணீர்க் குழாய், தண்ணீர் போக ஜலதாரை, விளக்கு, மிக்ஸிக்கு எர்த் உள்ள பிளக், பாத்திரங்களுக்கு மூடியுள்ள அலமாரி. சிலிண்டர் வேலை நடக்கும் பக்கம் இருக்கக் கூடாது. வெல்டிங் பொறி பறக்கும் நாளில் அது தெருத்திண்ணைக்கே போக வேண்டும். இவ்வளவும் இருந்தும் அம்மா அந்த மாதங்களில் மெலிந்துதான் போனாள். நாங்கள் பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டு வாரத்தில் சில நாள் சமையலை எடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதைப் பழைய வீட்டில் கை வைக்கப்போகும் எல்லாரிடமும் சொல்லி வருகிறேன்.

பக்கத்து வீடும் தெருவும்

அக்ரகாரத் தெரு, சந்நிதித் தெரு வீடுகளுக்குப் பொதுச் சுவர் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் இடித்தால் உங்கள் உத்திரத்தின் தலை வெயிலில் தெரியும். அவர் அஸ்திவாரத்துக்கு ஆழமாகத் தோண்டினால் உங்கள் சுவர் அசையும். பக்கத்தில் இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்தவுடன் இரு வீட்டாரும் உட்கார்ந்து பேசி, சுவரின் நிலையைப் படம் எடுத்து வைத்து, யார் எதற்குப் பொறுப்பு என்று எழுதிக்கொள்வது நல்லது. விரிசல் வந்த பிறகு பேசினால் உறவும் போய்விடும்.

வீட்டு ஓதத்துக்குத் தெருவும் ஒரு காரணம். தார் மேல் தார் போட்டு, மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இன்று ஒரு படி இறங்கிப் போகிறோம். மழைத்தண்ணீர் திண்ணைக்கு வந்து, சுவரில் ஊறி, ஓதமாகக் கூடத்தில் தெரிகிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகச் சாலை போட வேண்டும் என்று தமிழக அரசின் தலைமைச் செயலாளர் 2021-ல் அறிவுறுத்தியிருக்கிறார். உங்கள் தெருவில் தார் லாரி வந்து நிற்கும் நாளில் அதைக் கேட்க ஆள் வேண்டும். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு அந்த வாய் இல்லை.

தெருவே சேர்ந்து செய்தால் என்ன ஆகும் என்பதைப் புதுச்சேரியில் பார்க்கலாம். தமிழர் பகுதியிலுள்ள வைசியாள் வீதியில், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தின் கீழ், 2000-களின் தொடக்கத்தில் வரிசையாக வீட்டு முகப்புகளைச் சீர்செய்தார்கள். இன்டாக் அமைப்பு வழிகாட்டியது. செலவை வீட்டுக்காரர்களும் பங்கிட்டுக்கொண்டார்கள். திண்ணையும் தூணும் தாழ்வாரக் கூரையுமாக அந்த வீதி மீண்டது. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதும் வந்தது. அதே ஊரில் கடற்கரையோரம் இருந்த நகர மன்றமான மேரி கட்டடம் 1870-களின் தொடக்கத்தில் எழுந்தது. பல வருஷம் பயன்பாடின்றிக் கிடந்த அது 2014 நவம்பர் இறுதி மழையில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் அது வேறு கட்டடம்.

காசும் ஆளும்

செலவைப் பற்றிப் பேசும்போது அரசின் மீது எனக்கு ஒரு வழக்கு உண்டு. வருமான வரியின் பழைய முறையைத் தேர்ந்தவர் தான் குடியிருக்கும் வீட்டைக் கட்டவோ வாங்கவோ கடன் எடுத்தால், வட்டியில் வருஷத்துக்கு 2 லட்சம் ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம். அதே வீட்டைப் பழுது பார்க்கக் கடன் எடுத்தால் 30,000 ரூபாய்தான். இடித்துக் கட்டுபவருக்குக் கிடைக்கும் சலுகையில் ஆறில் ஒரு பங்குகூடக் காப்பாற்றுபவருக்குக் கிடையாது. பொறியாளர் மட்டுமல்ல, சட்டமும் 'இடித்துவிடு' என்றுதான் சொல்கிறது. தமிழ்நாட்டில் மரபுச் சின்ன ஆணையத்துக்கான சட்டம் 2012-லேயே இயற்றப்பட்டது. அரண்மனையும் நீதிமன்றமும் ஒரு பக்கம் இருக்கட்டும். குடும்பங்கள் வாழும் சாதாரணத் தெரு வீட்டுக்கு வட்டிச் சலுகை ஒன்று வந்தால் எத்தனையோ உத்திரங்கள் பிழைக்கும்.

குடியிருந்தபடியே செய்வதில் ஒரு வசதி, காசு கைக்கு வரும்போது வேலை செய்யலாம். இந்த வருஷம் தளமும் உத்திரமும். அடுத்த வருஷம் கழிவறையும் வயரிங்கும். அதற்கடுத்து சுவர். வங்கி வாசலில் நிற்கத் தேவையில்லை. கூடத்துக் காவித் தரையைப் பெயர்க்காமல், தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தே வைத்திருக்கலாம்.

காசைவிட அரிது ஆள். சுண்ணாம்புக் கலவையின் பதம் தெரிந்த கொத்தனார்கள் பலருக்கு வயதாகிவிட்டது. அவர்கள் பிள்ளைகள் திருப்பூருக்கும் துபாய்க்கும் போய்விட்டார்கள். நல்ல ஆள் கிடைத்தால் சதுர அடிக் கணக்கில் ஒப்பந்தம் பேசாதீர்கள், நாள் கூலி கொடுங்கள். சுண்ணாம்பு அவசரத்துக்குக் கட்டுப்படாது. சதுர அடி பேசியவர் மூன்று கோட்டிங்கை ஒரே நாளில் இழுத்துவிடுவார். அவரோடு இளைய ஆள் ஒருவரைச் சேர்த்துவிடுங்கள், ஒரு கூலி கூடுதலாக ஆனாலும். எங்கள் வீட்டில் கலவை கலக்க வந்த சித்தாள் பெண், கடைசி வாரங்களில் கரணையைக் கையில் வாங்கி மாடக்குழிகளைத் தானே பூசினாள். பெரியவர் பக்கத்தில் நின்று, "அழுத்தாத, தடவு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது தெருவில் வேறு இரண்டு வீடுகளுக்கு அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். ஆண் கொத்தனாருக்குக் கொடுக்கும் கூலியே அவளுக்கும் கொடுக்க வேண்டும் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

தொடங்க வேண்டிய மாதம் தை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வெயில் இன்னும் ஏறாத காலம். தளத்து வேலையைப் பங்குனிக்குள் முடித்துவிட்டால் சுண்ணாம்பு நிதானமாக இறுகும், வெடிக்காது. அக்கினி வெயிலில் பூசினால் சுவரில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு நாளுக்கு நாலு முறை தண்ணீர் தெளிக்க வேண்டிவரும். ஐப்பசியில் முதல் பெருமழை பிடிக்கும்போது ஒரு டார்ச்சும் சாக்கட்டியும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பாருங்கள். ஒவ்வொரு உத்திரத்தின் தலையையும், முற்றத்து ஜலதாரையையும், தூம்பு இறங்கும் சுவரையும் பாருங்கள். ஈரம் தெரிகிற இடத்தில் ஒரு வட்டம் போட்டுத் தேதி எழுதுங்கள். மழை நின்றதும் கொத்தனாரைக் கூப்பிட்டு அந்த வட்டங்களைக் காட்டினால், அடுத்த தையில் எங்கே கை வைக்க வேண்டும் என்று அவரே சொல்லிவிடுவார்.